14 அடி படகில் பிளேனர் பலகை: கம்பம் நட்டுக் கட்டுவதா, தூண்டில் நரம்பிலேயே மாட்டுவதா?

பென்னாகரம் தச்சன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள். மேட்டூர் அணையின் மேல்பக்கத் தேக்கத்தில், நாகமரை பக்கம், என் மாமாவுக்கு மீன்பிடி உரிமம் இருக்கிறது. 14 அடி ஃபைபர் படகு, 5 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். அவர் வலைக்காரர். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரோடு போய் வாளை மீனுக்காகத் தூண்டில் இழுக்கிறேன்.

பிரச்சினை இதுதான். படகு போகிற தடத்திலேயேதான் பின்னால் இரையும் வருகிறது. மழை முடிந்த சமயத்தில் வாளை கரையோரம் 8 அடி, 10 அடி தண்ணீரில் நிற்கிறது, சின்ன மீன் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினோடு அதன் தலைக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் விலகிவிடுகிறது, அது விலகிப் போன இடத்தில் நம் தூண்டில் இல்லை. சரி, ராடு எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று மூன்றாவது போட்டால் படகு திரும்பும்போது நரம்பு (தூண்டில் நூல்) எல்லாம் பின்னிக்கொண்டு அரை மணி நேரம் சிக்கெடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க ஏரிகளில் படகுக்கு இரண்டு பக்கமும் பலகையை ஓடவிட்டு அதில் நரம்பை மாட்டி அகலமாக இழுக்கிறார்கள், பிளேனர் பலகை என்று அதற்குப் பெயர், காணொளியில் பார்த்தேன். பலகை செய்வது எனக்குத் தொழில், அதில் கவலையில்லை. ஆனால் படகு நடுவில் கம்பம் நட்டு, அதிலிருந்து கயிறு கட்டிப் பெரிய பலகையை இழுப்பதா, இல்லை சின்னப் பலகையைத் தூண்டில் நரம்பிலேயே கவ்வ விடுவதா என்பதுதான் தெரியவில்லை. இப்படிச் சின்னப் படகில் கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

போச்சம்பள்ளி, இப்போது ஒஹாயோ

அண்ணா, நான் வேலைக்காக ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஆறு வருடமாக நண்பர்களோடு வால்ஐ மீனுக்கு இதைத்தான் செய்கிறோம். இங்கே இது ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க முடியும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதி சராசரியாக 24 அடி ஆழம்தான், ஆனால் அகலம் கண்ணுக்கு எட்டாது. மீன் எங்கே நிற்கிறது என்று தேட அகலமாக அரித்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்து மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்கு 3 தூண்டில் வரை சட்டமே அனுமதிக்கிறது, படகில் மூன்று பேர் என்றால் 9 நரம்பு. அதைச் சிக்கில்லாமல் இழுக்கப் பலகை இல்லாமல் முடியாது.

கம்பம் வகையில் இரண்டு பலகைகளை ஒன்றுக்கொன்று இணையாக, நடுவில் இடைவெளி விட்டுத் திருகுக்கம்பியால் இணைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு அப்படி ஒரு ஜோடி. கம்பத்தின் உச்சியிலிருந்து கனமான கயிறு பலகைக்குப் போகும். அந்தக் கயிற்றில் வளையம் போட்டு, வளையத்தில் ஒரு கிளிப், கிளிப்பில் தூண்டில் நரம்பு. வளையம் கயிற்றில் வழுக்கிக்கொண்டே வெளியே போகும். மீன் அடித்தால் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும், அப்புறம் மீனும் நீங்களும் மட்டும்தான், நடுவில் பலகை இல்லை. இதுதான் அந்த வகையின் சுகம்.

நரம்பில் மாட்டும் வகையில் ஒரு அடி நீளப் பலகை, முன்னால் ஒரு கிளிப், பின்னால் ஒரு கிளிப். மீன் வந்தால் பலகையும் சேர்ந்தே வரும், படகுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒருவர் கையால் கழற்ற வேண்டும். மலிவு, எளிது, கம்பம் வேண்டாம். 14 அடி படகுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தச்சர் கையில் மரம் இருக்கும்போது பெரியதைச் செய்து பார்க்காமல் விடமாட்டீர்கள் என்றும் தெரியும்.

நாகை விசைப்படகு

தம்பி, இந்தப் பலகை நமக்குப் புதிது இல்லை. எங்கள் இழுவை மடி வலையின் வாயை விரித்துப் பிடிப்பதே இரண்டு பக்கப் பலகைதான். தண்ணீரைச் சாய்வாக வாங்கி வெளிப்பக்கம் தள்ளும். அதை அடியில் இழுக்கிறோம், நீங்கள் மேலே மிதக்க விடுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று மட்டும் சொல்கிறேன். பலகை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கயிறு கட்டும் இடம் நாலு விரல் தள்ளிப்போனால் வேலை கெட்டுவிடும். துளையை ஒன்றாகப் போடாதீர்கள், வரிசையாக நாலைந்து போடுங்கள்.

அரூர் டீச்சர்

நாகை அண்ணன் சொன்னதற்குக் காரணம் பட்டம் விட்டவர்களுக்கு உடனே புரியும். பட்டத்துக்குச் சூத்திரக் கயிறு கட்டுகிறோம் இல்லையா, அதேதான். நான் பள்ளியில் விசைகளைச் சொல்லித் தரும்போது பட்டத்தைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போவேன். பலகையை மூக்குக்கு மிக அருகில் கட்டினால் அது ஓட்டத்துக்கு நேராக நின்றுவிடும், வெளியே போகாமல் படகுக்குப் பின்னாலேயே வரும். கட்டும் இடத்தைப் பின்னால் தள்ளத் தள்ளச் சாய்வு கூடும், வெளியே இழுக்கும் விசையும் கூடும். ஓர் அளவுக்கு மேல் பின்னால் போனால் பலகை தண்ணீருக்குக் குறுக்கே நின்றுவிடும், தள்ளுவதற்குப் பதில் வெறும் சுமையாகிவிடும், அல்லது கவிழும். மூக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு துளையாக மாற்றிப் பாருங்கள்.

மூக்கில் 45 பாகைச் சரிவு வெட்டுவார்கள். அந்தச் சரிவு படகைப் பார்த்த பக்கம் இருக்க வேண்டும், கூர்முனை வெளிப்பக்கம். தண்ணீர் அந்தச் சரிவில் மோதிப் பலகையை வெளியே தள்ளும். அதனால் இடது பலகையும் வலது பலகையும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும், ஒன்றை மற்றதற்கு மாற்றிப் போட முடியாது.

கேஆர்பி கரை

மரம் என்ன போடப் போகிறீர்கள்? கிருஷ்ணகிரியில் மாம்பலகை சும்மா கிடைக்கும் அளவுக்கு இருக்கிறது, ஆனால் தண்ணீர் குடித்தால் முறுக்கிக்கொள்ளும், வேண்டாம். மலைவேம்பு பாருங்கள். லேசு, கட்டுமரத்துக்கே போடுகிற மரம், இப்போது தோட்டங்களில் நிறைய வளர்க்கிறார்கள்.

பென்னாகரம் தச்சன்

மலைவேம்புதான் எடுத்தேன், முக்கால் அங்குலக் கனம். எல்லோருக்கும் நன்றி. போச்சம்பள்ளித் தம்பி சொன்னது சரிதான், பெரியதைச் செய்யாமல் விட மனம் வரவில்லை. 30 அங்குல நீளம், 8 அங்குல உயரம், ஜோடிக்கு நடுவில் 10 அங்குல இடைவெளி. அடி விளிம்பில் ஈயப்பட்டை, நிமிர்ந்து நிற்பதற்கு. பரிசலுக்குப் பூசுவது போலத் தார் பூசச் சொன்னார் மாமா, கனமும் சொரசொரப்பும் கூடும் என்று எனாமல் பெயிண்ட் மூன்று கை அடித்தேன். ஆரஞ்சு நிறம், தூரத்தில் தெரிய வேண்டும். 5 அடி இரும்புக் குழாய்க் கம்பம், முன்பக்க இருக்கைப் பலகையில் அடித்தட்டு வைத்துப் போல்ட். துணி உலர்த்தும் கிளிப்பின் வாயில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டி ஆறு கிளிப். ஞாயிறு போகிறோம், தூண்டில் இல்லாமல் பலகையை மட்டும் ஓடவிட்டுப் பார்க்க.

போச்சம்பள்ளி, இப்போது ஒஹாயோ

தூண்டில் இல்லாமல் பார்ப்பது மிகச் சரியான முடிவு அண்ணா. வேகத்தைப் போனில் ஜிபிஎஸ் வைத்துப் பாருங்கள், மணிக்கு 3 கிலோமீட்டரைச் சுற்றி நிற்க வேண்டும். நாங்கள் வால்ஐக்கு அந்தச் சுற்றுவட்டத்தில்தான் இழுப்போம், அதற்கு மேல் போனால் பலகை தண்ணீரைச் சீறி அடிக்கும். இன்னொன்று, கட்டாயம் லைஃப் ஜாக்கெட். கம்பத்தில் பக்கவாட்டு இழுப்பு வரும்போது படகு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

பென்னாகரம் தச்சன்

போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இதே படகு வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

வலது பலகையை இறக்கினோம். மூன்றாவது துளையில் கட்டியிருந்தேன், இறங்கியதும் கயிற்றை வாங்கிக்கொண்டு அழகாக வெளியே போனது, 60 அடி வரை விட்டோம். இழுப்பு இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆட்டுக்கிடாய் கயிற்றை இழுப்பது போல இருந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தது. மாமா எஞ்சினைத் திருப்பிப் பிடித்துச் சமாளித்தார். இடது பலகையை இறக்கியதும் சாய்வு நேரானது, ஆனால் அதற்குள் கம்பத்தின் அடித்தட்டைச் சுற்றி ஃபைபரில் மயிரிழை போல வெடிப்பு. கம்பத்தின் உச்சியில் இழுக்கிற இழுப்பை 5 அடி நெம்புகோல் போல வாங்கி அடித்தட்டு மேல் போடுகிறது, அந்த இருக்கைக்கு அந்த பலம் இல்லை. படகின் அடிவரை கம்பத்தை இறக்கிக் கட்டினால் தாங்கும், ஆனால் மாமாவின் படகில் துளை போட எனக்கு மனமில்லை, அவருக்குப் பிழைப்பே அதுதான்.

எஞ்சினும் இடக்கு செய்தது. இருப்பதிலேயே குறைந்த ஓட்டத்தில் 6 கிலோமீட்டர் போகிறது. பின்னால் இரண்டு பெயிண்ட் வாளியைக் கயிறு கட்டி இழுத்தோம், 4க்கு வந்தது. பலகை இரண்டும் சேர்ந்து இழுத்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

பெரிய பலகை வேலை செய்கிறது, அதில் சந்தேகமே இல்லை. இந்தப் படகுக்குத்தான் அது பொருந்தவில்லை. சின்னதுக்கு வருகிறேன்.

ஒகேனக்கல் துடுப்பு

நான் பரிசல் ஓட்டுகிறவன். பரிசலில் இதைக் கட்ட முடியுமா என்று கேட்க வந்தேன், படித்ததும் முடியாது என்று தெரிந்துவிட்டது. வட்டமாக இருப்பதால் ஒரு பக்கம் இழுத்தால் சுற்றிவிடும், அடியில் பிடிப்பும் கிடையாது. துடுப்புப் போட்டு ஒரே வேகத்தில் இழுக்கவும் முடியாது.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவில் ஆள் ஏற்றிக்கொண்டு படகு போய் வருகிற தடம் இருக்கிறது, ஒட்டனூர்–கோட்டையூர் தடமும் அப்படித்தான். இரண்டு பக்கமும் 60 அடி என்றால் மொத்தம் 120 அடி அகலம். அந்தத் தடத்தில் ஒருநாளும் பலகை விடாதீர்கள், கயிறு குறுக்கே இருப்பது எதிரில் வருகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை நைலான் வலை. சாயங்காலம் வலை விரித்துவிட்டு விடிந்ததும்தான் எடுப்பார்கள். மிதவை என்று காலித் தண்ணீர் பாட்டிலைத்தான் கட்டியிருப்பார்கள், வெயிலில் கண்ணுக்கே படாது. உங்கள் மாமா வலைக்காரர் என்பதால் சொல்லத் தேவையில்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு யாராவது கிளம்பினால் ஒரு குடும்பத்தின் வலையை முள்ளால் கிழித்துவிட்டு வந்துவிடுவார்கள். 8 மணிக்கு மேல், வலை எடுத்த பிறகு போங்கள். போவதற்கு முன்னால் கரையில் இருக்கிறவர்களிடம் எந்தப் பக்கம் வலை இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒகேனக்கல்லுக்கு மேலே வரும் எண்ணமே வேண்டாம். 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தாகிவிட்டது, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் காட்டையும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர். அந்தப் பக்க ஆற்றில் காவிரிக்கே உரிய மஷீர் மீன் கொஞ்சநஞ்சம் மிச்சம் இருக்கிறது, அழியும் நிலையின் கடைசிப் படியில் அதை வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள்.

கேஆர்பி கரை

துடுப்பு அண்ணன் சொன்னதை நான் கெட்டியாக வழிமொழிகிறேன். எங்கள் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையிலும் இதே நிலைமைதான், வலை இல்லாத பக்கத்தைத் தேட வேண்டும். ஒன்று கேட்கிறேன், தச்சர் அண்ணா. உங்களுக்கு இரண்டு பக்கமும் பலகை எதற்கு? அங்கே ஏரி கடல் மாதிரி, மீன் எங்கே என்று தெரியாது, அதனால் அகலமாக அரிக்கிறார்கள். உங்களுக்குத்தான் மீன் கரையோரம் நிற்கிறது என்று தெரிகிறதே. படகை 20 அடி ஆழத்தில் ஓட்டுங்கள், கரைப்பக்கம் ஒரே ஒரு பலகையை விடுங்கள். பலகை 8 அடித் தண்ணீரில் போகும். எஞ்சின் மீனின் தலைக்கு மேல் போகவே போகாது.

போச்சம்பள்ளி, இப்போது ஒஹாயோ

இதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கேயும் வசந்தகாலத்தில் கரையோரம் மீன் வரும்போது சிலர் இப்படித்தான் செய்கிறார்கள். ஆறு வருடம் ஒரே ஏரியில் இழுத்துப் பழகியதால் எனக்கு 9 நரம்புதான் முதலில் ஞாபகம் வந்தது.

சின்னப் பலகைக்கு முறை சொல்கிறேன் அண்ணா. முதலில் இரையை மட்டும் விடுங்கள், 60 அடியோ 80 அடியோ, அது எவ்வளவு ஆழம் இறங்க வேண்டுமோ அவ்வளவு. 8 அடித் தண்ணீர் என்றால் 5 அடிக்கு மேல் இறங்காத இரை போதும், இல்லையென்றால் அடியில் கட்டையில் மாட்டும். இரை சரியாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் பலகையை நரம்பில் கவ்வவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். ரீலின் பிடியைத் தளர்த்தி மெதுவாக விட்டால் அதுவே வெளியே போகும். எக்காரணம் கொண்டும் படகை நிறுத்தாதீர்கள், நின்றால் பலகை மிதந்து பின்னால் போய் நரம்பு தொய்ந்துவிடும். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள். உள்பக்கப் பலகை வேகம் குறைந்து தொங்கும், வெளிப்பக்கம் வேகமாகும். கரைப்பக்கமாகத் திரும்புவதைத் தவிர்த்து ஆழப்பக்கம் திரும்பினால் உங்கள் ஒற்றைப் பலகை எப்போதும் வெளிவட்டத்தில் இருக்கும், தொய்வே வராது.

பின்னல் நரம்பு போட்டிருக்கிறீர்களா, தங்கூசியா? பின்னல் நரம்பு கிளிப்பில் வழுக்கும். கிளிப்பில் வைப்பதற்கு முன் நரம்பை விரலில் நாலைந்து தரம் முறுக்கி அந்த முறுக்கை வையுங்கள்.

அரூர் டீச்சர்

சின்னப் பலகையில் ஒரு கொடி வைப்பது உண்டு அல்லவா? பின்பக்கக் கிளிப்பின் இழுப்பில் அந்தக் கொடி ஸ்பிரிங் மேல் நிற்கும். சின்ன மீனோ பாசியோ மாட்டினால் பின்னால் இழுப்பு கூடிக் கொடி சாயும். பலகை தரும் இழுப்பிலேயே ராடு வளைந்திருக்கும் என்பதால் ராடைப் பார்த்துச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, கொடியைப் பார்த்தால் தெரியும். தச்சருக்கு அரை மணி நேர வேலை.

பென்னாகரம் தச்சன்

நேற்றுப் போய் வந்தோம். 12 அங்குல நீளம், 4 அங்குல உயரம், ஒரே பலகை, கரைப்பக்கத்துக்கு. கேஆர்பி தம்பி கேட்ட கேள்வியில்தான் எல்லாமே மாறியது, இரண்டு பக்கமும் வேண்டும் என்ற எண்ணத்தில் நான் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் பலகை மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போனது. ஈயத்தை நடுவில் வைத்திருந்தேன், கழற்றி இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி அடித்தேன், மூக்கு நிமிர்ந்தது. என் ரீலில் பின்னல் நரம்புதான், இரண்டு தரம் வழுக்கியது, முறுக்கி வைத்ததும் நின்றது. வேகத்துக்கு அதே இரண்டு வாளி, அதோடு ஒரு சாக்குப்பை. மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வந்தது.

ஒகேனக்கல் அண்ணன் சொன்னபடி 8 மணிக்கு மேல்தான் இறங்கினோம். மாமா கரையில் இருந்த நாலு பேரிடம் கேட்டு, வலை இல்லாத ஒரு நீளக் கரையைச் சொன்னார். படகு 20 அடியில், பலகை 50 அடி தள்ளிக் கரையோரம். தண்ணீர் வற்றும்போது உழுது விதைக்கிற நிலம் அது, இப்போது 8 அடி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, எங்கே கிணற்று மேடு, எங்கே புளியமரத்து அடிக்கட்டை என்று மாமாவுக்கு மனப்பாடம். கட்டை வரும் இடத்தில் படகை ஆழப்பக்கம் ஒடிப்பார், பலகையும் கூடவே விலகி வரும். மூன்று மணி நேரத்தில் ஒரு இரைகூட அடியில் மாட்டவில்லை.

இரண்டாவது சுற்றில் கொடி சாய்ந்தது, பாசி. எடுத்துவிட்டுத் திரும்ப விட்டோம். நாலாவது சுற்றில் கொடி சாயவில்லை, பலகையே பின்னால் இழுத்துக்கொண்டு போனது. வாளை. மாமா எஞ்சினை நிறுத்தாமல் மெதுவாக விட்டார், நான் சுற்றிக்கொண்டே வந்தேன், பலகை கைக்கு எட்டியதும் அவர் இடக்கையால் கிளிப்பை அமுக்கிக் கழற்றினார், அந்த இடத்தில் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் போயிருக்கும். 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு முன்னால் இரண்டு மாதத்தில் அந்தக் கரையில் எனக்கு ஒரு வாளைகூட அடித்ததில்லை.

ஒகேனக்கல் துடுப்பு

சந்தோஷம் தம்பி. முட்டையோடு இருக்கிற பெரிய வாளை வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், முன்னைப்போல அது இல்லை.

பென்னாகரம் தச்சன்

சரி அண்ணா, விட்டுவிடுகிறோம்.

கேஆர்பி கரை

அண்ணா, அந்தச் சின்னப் பலகையின் அளவை அட்டையில் வெட்டிப் படம் போட முடியுமா? ஈயம் எத்தனை கிராம், துளை மூக்கிலிருந்து எத்தனை அங்குலம் என்பதும் வேண்டும். எங்கள் அணையில் அனுமதி கேட்க மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன், கிடைத்தால் எனக்கும் ஒரு பலகை தேவைப்படும்.

பென்னாகரம் தச்சன்

ஈயம் 120 கிராம், முன் கிளிப் மூக்கிலிருந்து நாலு அங்குலம், மூக்குச் சரிவு 45 பாகை. நீங்கள் எந்தக் கரையை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், இடதா வலதா என்று தெரிந்தால் நானே வெட்டி தர்மபுரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.